சாம்பல் பூத்த முகம்: ஒப்பனையில் நாம் விடும் பிழைகளும் திருத்தும் வழிகளும்

சென்ற வருடம் அக்கரைப்பற்றில் எமது நிலையம் நடத்திய அழகுக்கலைப் பயிற்சிக்கு வந்த சகோதரி ஒருவர், தனது கையடக்கத் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கூறைச் சேலையில் ஓர் இளம்பெண். கழுத்து நல்ல மாநிறம். முகம் மட்டும் சாம்பல் பூசியது போல இருந்தது.

“மிஸ், வீட்டுக்குள்ள கண்ணாடியில பார்க்கக்குள்ள நல்ல வடிவா இருந்தது. படத்தில பார்த்தா இப்பிடிக் கிடக்கு. பொம்பிள வீட்டுக்காரர் பேசின காசில பாதிதான் தந்தவங்க” என்றார்.

அவர் ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர். 2007 இல் யுத்தத்தில் கணவனை இழந்தவர். தையல் தைத்தும் இடியப்பம் அவித்து விற்றும் மகளை உயர்தரம் வரை படிக்க வைத்தவர். மணப்பெண் அலங்காரத்தைத் தொழிலாகத் தொடங்கி அவருக்குக் கிடைத்த முதலாவது கல்யாணம் அது. காசு குறைந்ததை விட இன்னொன்றுதான் அவரை அதிகம் சுட்டிருந்தது. “தாலி அறுத்தவள பொம்பிளையத் தொட விட்டா இப்பிடித்தான்” என்று மண்டபத்தில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

பக்கத்தில் இருந்த அக்கரைப்பற்று ராத்தா ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது உங்கட ராசியில வந்த பிழை இல்ல தங்கச்சி. டப்பாவில வந்த பிழை. எனக்கும் ரெண்டு கல்யாணத்தில இப்பிடி நடந்திரிக்கி” என்றார்.

சமூகவியல் படித்த எனக்கு ஒப்பனை பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பயிற்சி முடியும் வரை வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். தலைவிதி என்று எம் மீது சுமத்தப்படும் பல விடயங்களுக்குச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கும். காரணம் தெரிந்தால் திருத்தலாம். ஒப்பனையும் அப்படித்தான்.

முகம் ஏன் சாம்பலாகிறது?

எமது தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். வெயிலின் தாக்கத்திலிருந்து தோலைக் காப்பதும் அதுவே. பவுண்டேஷனிலும் பவுடரிலும் டைட்டானியம் டயொக்சைட், சிங்க் ஒக்சைட் போன்ற வெள்ளைத் தூள்கள் பெரும்பாலும் இருக்கும். மாநிறத் தோலின் மேல் இரண்டு மூன்று படி வெளிறிய பவுண்டேஷனைப் பூசினால், கீழே இருக்கும் மண்ணிறமும் மேலே உள்ள வெள்ளையும் கலந்து சாம்பல் நிறம்தான் வரும். கெமராவின் பளிச்சென்ற வெளிச்சத்தை அந்த வெள்ளைத் தூள்கள் திருப்பி அடிப்பதால் படத்தில் இன்னும் மோசமாகத் தெரியும். வீட்டுக்குள் எரியும் குழல் விளக்கில் இது பிடிபடாது.

சரியான நிறத்தைத் தெரிவு செய்யும் முறை இலகுவானது. மணிக்கட்டில் பூசிப் பார்க்க வேண்டாம். தாடை ஓரத்தில், கழுத்தைத் தொடும் இடத்தில், மூன்று நிறங்களை மூன்று கோடாக இழுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். சில வகைகள் காற்றுப் பட்டதும் கறுக்கும். பிறகு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு தோலோடு சேர்ந்து மறைந்து விடுகிறதோ, அதுவே உங்கள் நிறம். ஒன்றும் பொருந்தாவிட்டால் இரண்டைக் கலக்கலாம். ஹிஜாப் அணியும் மணப்பெண்ணுக்குக் கழுத்து மறைந்திருக்கும். ஆனால் மருதோன்றி போட்ட கைகள் முகத்துக்குப் பக்கத்தில் தெரியும். எனவே கையின் நிறத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

பூசிய பிறகுதான் வெளிறியது தெரிகிறதா? அதன் மேல் இன்னொரு படை பூச வேண்டாம். ஈரமான ஸ்பொஞ்சைப் பிழிந்து முகத்தில் ஒற்றி, மேலே நிற்பதை எடுங்கள். ஒரு படி கூடிய நிறத்தை நெற்றி ஓரம், கன்னத்தின் பக்கம், தாடை, காது, கழுத்து வரை மெல்லியதாகப் பரப்புங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். அதற்காகவே நேரம் பேசும்போது அரை மணித்தியாலம் கூட்டிப் பேசுங்கள்.

“பொம்பிளைய வெள்ளையாக்கித் தாங்க” என்று கேட்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். அந்த ஆசையை வளர்த்ததில் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1975 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ கூட, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின்னர் 2020 இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. இதைத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டு படத்தைக் காட்டுங்கள். படம் பேசும்.

நாளாந்தம் விடும் சில பிழைகள்

1. வியர்வையின் மேல் பூசுதல்: எமது கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். முகத்தைக் கழுவி, மெல்லியதாகக் கிரீம் பூசி, பத்து நிமிடம் காற்றாடியின் கீழ் இருந்த பிறகே தொடங்குங்கள். ஒரு தடித்த படையை விட இரண்டு மெல்லிய படைகள் நீண்ட நேரம் நிற்கும். இடையில் வியர்த்தால் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

2. பவுடர் அப்பி வெடித்தல்: கண்ணுக்குக் கீழும் வாயோரத்திலும் பவுடர் கூடினால் கோடு கோடாக வெடித்து வயதைக் கூட்டிக் காட்டும். காய்ந்த ப்ரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈர ஸ்பொஞ்சால் மெதுவாக அழுத்துங்கள்.

3. கருங்கோடான புருவம்: கறுப்புப் பென்சிலால் அழுத்தி வரையாமல், கடும் மண்ணிறத்தால் மயிர் வளரும் திசையில் சிறு சிறு கோடுகளாகப் போடுங்கள். கூடிவிட்டால் சுத்தமான சின்னப் ப்ரஷ்ஷால் வாரிவிட்டால் குறையும்.

4. கன்னச் சிவப்புக் கூடுதல்: கழுவத் தேவையில்லை. பவுண்டேஷன் பட்ட அதே ஸ்பொஞ்சால் மேலே ஒற்றுங்கள், அடங்கிவிடும்.

5. கண்மை கலைந்து இறங்குதல்: பஞ்சுக் குச்சியில் துளி கிரீம் தொட்டு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறிது பவுடர் வையுங்கள். சுர்மா வாங்கும்போது அவதானம் தேவை. சில வகைச் சுர்மாக் கற்களில் ஈயம் உண்டு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பதால் பெயர் விபரமில்லாத சுர்மாவைக் குழந்தைகளின் கண்ணுக்கு இடவே வேண்டாம்.

6. ஒரே ப்ரஷ், ஒரே லிப்ஸ்டிக்: கண்நோயும் உதட்டுக் கொப்புளமும் இப்படித்தான் பரவுகின்றன. தொழில் செய்பவர்கள் லிப்ஸ்டிக்கைச் சிறு கரண்டியால் சுரண்டி எடுத்து, ஒவ்வொருவருக்கும் புதிய பஞ்சுக் குச்சியால் பூசுங்கள். ப்ரஷ்ஷை ஒவ்வொருவருக்குப் பின்னும் சவர்க்கார நீரில் கழுவிக் காய வையுங்கள். இமைக்குப் பூசும் மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

7. ஒப்பனையோடு தூங்குதல்: எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கழுவிவிட்டுப் படுங்கள். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு எடுத்தால் கண்மையும் கழன்று வரும். பிறகு எண்ணெய் போக முகம் கழுவ வேண்டும். பரு வரும் முகத்துக்கு எண்ணெய் ஒத்துவராது.

கறுப்பு மருதோன்றியும் ஒட்டுப் பொட்டும்

மருதோன்றி இலையின் நிறம் முதலில் செம்மஞ்சளாக இருக்கும். ஓரிரு நாளில் கடும் செம்மண்ணிறமாக மாறும். அது ஒருபோதும் கறுப்பாகாது. ஒரு மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று சிவக்கும் கோன்களில், தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பரா-பீனைலீன்டயமின் என்ற இரசாயனம் கலந்திருக்கக் கூடும். அது தோலில் நேரடியாகப் பூசுவதற்கு உரியதல்ல. கொப்புளமும் தழும்பும் உண்டாக்கும். ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் ஆயுள் முழுக்கத் தலைமயிர்ச் சாயமும் ஒத்துக் கொள்ளாமல் போகலாம். பெருநாளுக்குப் பிள்ளைகளின் கையில் கறுப்புக் கோன் போடாதீர்கள்.

ஒட்டுப் பொட்டின் பசையில் உள்ள சில இரசாயனங்களால் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழுவதை இந்தியத் தோல் வைத்தியர்கள் பல காலமாகப் பதிவு செய்துள்ளனர். இரவில் பொட்டைக் கழற்றி வையுங்கள். அரித்தால் அந்த வகையை உடனே நிறுத்துங்கள். நிறம் மாறினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தழும்பை மறைக்க விரும்பினால்

எம்மில் பலர் ஷெல் துண்டும் தீயும் விட்டுச் சென்ற அடையாளங்களோடு வாழ்கிறோம். அவற்றை மறைக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. மறைக்க விரும்பினால் அதிலும் வெட்கமில்லை.

முதலாம் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த வீரர்களுக்காக, அனா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி 1917 இன் இறுதியில் பாரிஸுக்கு வந்து பணியாற்றினார். மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, அதை அவர்கள் அணிந்திருக்கும்போதே தோலின் நிறத்துக்கு வர்ணம் பூசினார். வெயிலில் தோல் ஒரு நிறமாகவும் மப்பான நாளில் வேறு நிறமாகவும் தெரியும் என்பதால், இரண்டுக்கும் நடுவான நிறத்தைத் தேடினார். எமது வகுப்பில் வாசலுக்கு வந்து பார்க்கச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

புண் முழுமையாக ஆறிய தழும்பின் மேல் மட்டுமே பூசுங்கள். சிவந்த தழும்புக்கு முதலில் பச்சை நிறத் திருத்தியை மிக மெல்லியதாகவும், கறுத்த தழும்புக்குச் செம்மஞ்சள் நிறத்தையும் விரலால் தட்டிப் பூசுங்கள். தேய்க்க வேண்டாம். அதன் மேல் உங்கள் நிறப் பவுண்டேஷன். பிறகு பவுடரை வைத்து ஐந்து நிமிடத்தின் பின் தட்டிவிடுங்கள். தடித்து எழும்பிய தழும்பின் நிறத்தை மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது. மினுக்கம் உள்ள பொருட்களைத் தவிர்த்தால் மேடு குறைவாகத் தெரியும்.

பெரிய பிழை: பெயரில்லாத வெள்ளைக் கிரீம்

பயிற்சியின் மூன்றாம் வாரம் கைக்குழந்தையோடு வந்த தங்கச்சி ஒருவரின் கன்னம் சிவந்து உரிந்திருந்தது. இரண்டு கிழமையில் வெள்ளையாக்கும் என்று சொல்லி வாங்கிய கிரீம். டப்பாவில் தயாரித்தவர் பெயரோ திகதியோ இல்லை.

இப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. மெலனின் உருவாவதை அது தடுப்பதால் முதலில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் தோலினூடாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். கை நடுக்கம், நித்திரையின்மை, காரணமில்லாத எரிச்சல் என்பன அறிகுறிகள். கர்ப்பத்தில் உள்ள சிசுவுக்கும், தாயின் கையும் தலையணையும் பட்டுப் பிள்ளைகளுக்கும் அது சேரலாம். வேறு சில கிரீம்களில் ஸ்டெரொய்ட் மருந்து கலந்திருக்கும். அது தோலை மெலிய வைத்து, பருவையும் முகத்தில் மயிரையும் உண்டாக்கும்.

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவோடு கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக மக்களின் உடலில் சேர்ந்து நோயானது 1956 இல் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் பெயரால் 2013 இல் உருவான உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. ஒரு கிலோ கிரீமில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்றிருந்த அதன் எல்லை, 2023 இல் எந்த அளவிலும் சேர்க்கக் கூடாது என்று இறுக்கப்பட்டது. அதற்கான காலக்கெடு 2025.

டப்பாவில் மெர்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள்’ என்ற எச்சரிக்கையும் பாதரசத்துக்கு ஓர் அடையாளம். நகையில் படக் கூடாதது முகத்தில் படலாமா? சந்தேகமிருந்தால் பூசுவதை நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். நீண்ட நாள் பூசியவர்களுக்கு நிறுத்தியதும் முகம் சிவந்து பொங்கலாம். பயந்து திரும்பவும் பூச வேண்டாம். டப்பாவை எரிக்கவோ கிணற்றடியில் வீசவோ கூடாது. விற்பவர் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கடைசியாக

பயிற்சி முடிந்து ஒரு மாதத்தில் அந்த ராத்தா தனக்குக் கிடைத்த கல்யாணத்துக்கு ஆலையடிவேம்புச் சகோதரியையும் கூட்டிச் சென்றார். மணப்பெண்ணை வாசலுக்கு அழைத்து வந்து வெளிச்சத்தில் நிறம் பார்த்தது இவர்தான். பேசிய காசை முழுதாகக் கொடுத்தார்கள். முகமும் மருதோன்றிக் கைகளும் ஒரே நிறத்தில் இருக்கும் அந்தப் படத்தை இப்போது வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிறார். தனது ஊர் மண்டபத்திலிருந்து அவருக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அதைத் திருத்த ஸ்பொஞ்சும் பவுடரும் போதாது. அது நாம் எல்லோரும் சேர்ந்து திருத்த வேண்டிய பிழை.

வகுப்பின் கடைசி நாளில் அவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “மகள் பொட்டு வைக்கச் சொல்றாள் மிஸ். வைக்கலாமா?”

நான் பதில் சொல்ல முதல் ராத்தா முந்திக்கொண்டார். “எங்களுக்கு இத்தா நாலு மாசமும் பத்து நாளும். அதுக்குப் பொறகு எங்கட முகம் எங்களுக்குத்தான். உங்களுக்கு இத்தனை வருஷமா தங்கச்சி?”

சகோதரிகளே, அழகுக்கலைக்கும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. அனுபவத்தால் கற்றவர்களும் மதிப்பீட்டுக்குத் தோற்றி அதைப் பெறலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒப்பனை செய்வதும் செய்யாமல் விடுவதும் உங்கள் விருப்பம். செய்வதானால், கண்ணாடியை எடுத்துக்கொண்டு முதலில் வாசலுக்கு வாருங்கள்.