நோட்டீசைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க!

"சர்க்கரை நோயை 48 நாளில் வேரோடு ஒழிக்கிறோம்!" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இப்படியொரு நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்தால், சட்டென்று பணத்தைக் கட்டிடாதீங்க. சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். ஒரே மண்டலத்தில் அடியோடு தீர்க்கும் லேகியம் எந்த வைத்தியத்திலும் கிடையாது. அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரையைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பெரிய கம்பெனியும் தப்ப முடியாது. 2024-ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்த பிறகு பதஞ்சலி நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டது.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்துட்டீங்களா? நோட்டீசையும் ரசீதையும் பத்திரமா வையுங்க. அதுதான் சாட்சி. சொன்ன சிகிச்சையைத் தராவிட்டால், இரண்டு வருடத்துக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. முதல் படியாக 1915-க்குப் போன் போடுங்க.

இனிமேல் எந்த வைத்தியரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்க. முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.