அச்சம் விற்கும் வீடு



காசு கொடுத்துக் கனி வாங்குகிறோம், துணி வாங்குகிறோம். காசு கொடுத்து அச்சத்தை வாங்குவாரும் உண்டோ எனின், உண்டு. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வியாசர்பாடியில் நடந்த ஒரு பொருட்காட்சியில் 'பேய் வீடு' ஒன்றின் முன் அத்தகையோரின் நீண்ட வரிசையைக் கண்டேன். கல்லூரியில் பயிலும் என் தம்பி மகனுக்குத் துணையாக நானும் அதில் நின்றேன்.

தகரத்தால் ஆன கொட்டகை அது. வாயிலில் கோரைப்பற்களைக் காட்டி நின்றது டிராகுலா பிரபுவின் ஓவியம். 1931-ஆம் ஆண்டில் 'டிராகுலா' திரைப்படம் வெளிவந்தது. ஆனால் அப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி ஓரிடத்திலேனும் கோரைப்பல்லைக் காட்டுவதில்லை. அவருடைய விழிகளின்மீது மெல்லிய ஒளியைப் பாய்ச்சியே காண்போரை நடுங்க வைத்தனர். பின்னணி இசையும் அதில் மிகக் குறைவு. காட்டாமல் விடுவதே அச்சக் கலையின் முதற்பாடம் என்பதற்கு அப்படம் சான்று.

உள்ளே நுழைந்ததும் இருள் எங்களை விழுங்கியது. வெயிலில் நின்ற கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அதற்குள் காட்சியே முடிந்துவிடும். ஆகவே பார்வையாளர் பாதிக் குருடராகவே நடக்கின்றனர். இரண்டு திருப்பங்கள் கடந்ததும் வெண்ணிற உருவம் ஒன்று அந்தரத்தில் மிதந்தது. "பெரியப்பா, அதன் உடம்பினூடே பின்சுவர் தெரிகிறதே!" என்று என் கையைப் பற்றினான் பிள்ளை.

இதன் மறையை நீங்களே அறிவீர்கள். இரவில் வியாசர்பாடி ஜீவா நிலையத்தைக் கடந்து செல்லும் ரயில் வண்டியில், மூடிய கண்ணாடிச் சன்னலை நோக்குங்கள். உங்கள் முகமே வெளியே இருளில் மிதப்பதைக் காண்பீர்கள். கண்ணாடி தன் பின்னுள்ளதையும் காட்டுகிறது, முன்னுள்ளதையும் எதிரொளிக்கிறது. மறைவான இடத்தில் ஒளியூட்டிய உருவத்தை வைத்து, சாய்ந்த கண்ணாடியில் அதன் நிழலுருவைக் காட்டினால் பேய் தோன்றிவிடும். 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் இதனை மேடையேற்றிப் புகழ்பெற்றார். ஹென்றி டர்க்ஸ் என்பாரின் யோசனையை அவர் செம்மைப்படுத்தினார்.

அடுத்த கணம் பேரொலியுடன் ஒரு சவப்பெட்டி திறந்தது. எல்லோரும் அலறினர், உடனே சிரித்தனர். அலறியவர் சிரிப்பானேன்? திடீர் ஒலி கேட்டதும், அறிவு ஆராயுமுன் உடல் துள்ளுகிறது. மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பளவே உள்ள அமிக்டலா என்னும் பகுதி அபாய மணி அடிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மறுகணம் அறிவு, 'இது பொய்' என்கிறது. அந்த விடுதலையே சிரிப்பாகிறது.

அமிக்டலா சிதைந்துபோன அமெரிக்கப் பெண்மணி ஒருவரை ஆய்வாளர்கள் கென்டக்கி மாநிலத்தில் பேய் வீடாக்கப்பட்ட பழைய காசநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அவர் சிறிதும் அஞ்சவில்லை. ஆவலால் ஒரு பேயின் தலையைத் தொட, வேடமிட்டவர்தான் திடுக்கிட்டார்! இவ்வாய்வு 2011-இல் வெளியாயிற்று. ஆயினும் அவர் நிலை பொறாமைக்குரியதன்று. மெய்யான அபாயத்திலும் அவருக்கு அச்சம் எழவில்லை. அச்சம் நம்மைக் காக்கும் காவலன்.

தொல்காப்பியர் அச்சத்திற்கு நான்கு காரணங்கள் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர். பேய் வீடு இவற்றுள் முதலாவதை மட்டும் விற்கிறது. மற்ற அபாயங்கள் அங்கே இல்லை என்ற நம்பிக்கையே அதன் முதலீடு. அந்நம்பிக்கை பொய்த்தால்?

1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் 'பேய்க் கோட்டை' தீப்பற்றியது. இருளில் வழி காண ஒருவர் ஏற்றிய லைட்டரின் சுடர் சுவரிலிருந்த நுரைமெத்தையைப் பற்றியதாகக் கூறுவர். நீர்தெளிக்கும் தானியங்கிக் கருவிகள் அங்கில்லை. இளைஞர் எண்மர் மாண்டனர்.

இதனை அறிந்திருந்தமையால், எங்கள் கொட்டகையில் பேய்களைவிட வேறொன்று என்னை அச்சுறுத்தியது. சுவரெங்கும் கறுப்புத் துணி. அதையொட்டிச் சூடேறிய விளக்குகள். பின்புறக் கதவோ கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வெளியே வந்து நடத்துவோரிடம் சொன்னேன். "கதவு திறந்திருந்தால் வெளிச்சம் வந்துவிடும், ஐயா" என்றார். "திரை போடலாமே, அண்ணா" என்றான் பிள்ளை. சற்றுத் தயங்கியவர், போய்க் கம்பியை அவிழ்த்தார். விளக்குகளை மட்டும் அன்று அவர் நகர்த்தவில்லை.

நண்பர்களே, பேய் வீட்டிற்குச் செல்லுங்கள். கண்ணாடி எங்கே சாய்ந்திருக்கிறது என்று தேடுங்கள். ஆனால் அதற்குமுன் வெளியேறும் வழி எங்கே என்று கேளுங்கள். அதை அறிந்தபின் ஆசைதீர அஞ்சலாம்.