மருந்தடித்த வரப்பில் கீழாநெல்லி பறிக்கலாமா?

மஞ்சள் காமாலை என்றதும் கிராமத்தில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைப்பதால் அதைக் களை என்றும் பிடுங்கி எறிகிறோம். இதன் இலையில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற பொருட்கள் உள்ளன.

கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தைக் கல்லீரல் உடைக்கும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் வீரியமான துகள்கள் உருவாகி, கல்லீரல் செல்களின் சவ்வை அரிக்கின்றன. இந்த ரசாயனம் செலுத்திய எலிகளுக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுத்த ஆய்வுகளில் பாதிப்பு குறைந்தது.

எலியில் கண்டதை நம்பி, பூச்சிமருந்து தாக்கியவருக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காமாலைக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். காரணம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது சரியல்ல.

இன்னொன்று, கல்லீரலைக் காக்கப் பறிக்கும் செடியிலேயே ரசாயனம் இருந்தால் என்ன பயன்? களைக்கொல்லி, பூச்சிமருந்து தெளித்த வரப்பில் பறிக்கவே வேண்டாம். வீட்டுத் தேவைக்குக் கொல்லையில் ஒரு பாத்தி போதும். விற்பனைக்குப் பயிரிடுவோர், நடவு செய்த 80 முதல் 100 நாளில், இலை பச்சையாக இருக்கும்போதே அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும். சத்து அதிகம் இருப்பது இலையில் என்பதால், புரட்டும்போது உதிரும் இலைகளையும் கூட்டி அள்ளிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.