வீட்டுப் பிராணிகளின் குணமும் ஊர்க் கணக்கும்

கிராமத்தில் ஒருவரை அணுகி, "உங்கள் வீட்டில் எத்தனை நாய்கள் இருக்கின்றன?" என்று வினவினால், அவர் விடை கூறுமுன் நம்மை ஏற இறங்க நோக்குவார். வரி விதிக்க வந்தவரோ, அண்டை வீட்டார் கொடுத்த புகாரை விசாரிக்க வந்தவரோ என்ற ஐயம் அவர் உள்ளத்தில் எழும். அவரிடமே, "உங்கள் நாய் எப்படிப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மடை திறந்தாற்போல் வரும். எவரைக் கண்டும் குரைக்காத அந்த நாய் குடை பிடித்து வருபவரைக் கண்டால் மட்டும் குரைக்கும் என்பார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டார் சும்மா இருப்பதில்லை. அவர் வீட்டுப் பூனை நெற்குதிரின் மேலன்றி வேறெங்கும் உறங்காது. மற்றொருவர் வீட்டுப் பசு, அவ்வீட்டு அம்மையார் அன்றி எவர் கறக்க அமர்ந்தாலும் பாலை அடக்கிக் கொள்ளும். மஞ்சுவிரட்டில் ஆடவர் அஞ்சி ஒதுங்கும் காளை, வீட்டுச் சிறுமி கயிற்றைப் பிடித்தால் ஆடுபோல் பின்தொடரும்.

இவை யாவும் பொழுதுபோக்குப் பேச்சு என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல. பெரும்பாலான பழக்கங்களுக்குத் தக்க காரணம் உண்டு. பசு பாலை அடக்குவதையே எடுத்துக்கொள்வோம். கன்று முட்டும்போதோ, பழகிய கை மடியைத் தொடும்போதோ, பசுவின் மூளையினின்று ஒரு சுரப்பு நீர் இரத்தத்தில் கலந்து மடியை அடைகிறது. அதன் வேலையால்தான் மடியிலுள்ள பால் காம்புக்கு இறங்குகிறது. அச்சமோ வலியோ தோன்றினால் வேறொரு சுரப்பு அதனைத் தடுத்துவிடும். ஆகவே பசு வேண்டுமென்றே வஞ்சிப்பதாகக் கருதி அதனை அடிப்பவர், இறங்க வேண்டிய பாலையும் இறங்கவிடாமல் செய்தவராகிறார்.

கோழி மண்ணைக் குடைந்து உடலெங்கும் புழுதியை வாரியிறைத்துக் கொள்வது சிறகிடையே சேர்ந்த எண்ணெய்ப் பசையையும் பேனையும் போக்குவதற்காக. பூனை நம் காலில் கன்னத்தைத் தேய்ப்பது அன்பினால் என்று நாம் மகிழ்கிறோம். அன்பும் இருக்கலாம். அதன் கன்னத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையைத் தேய்த்து, இவர் நம்மவர் என்று அடையாளமிட்டுக் கொள்வதும் அதில் அடங்கியிருக்கிறது. நம் நாட்டுக்கே உரிய இராஜபாளையம் நாயிடம் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. தூய வெண்ணிறமுள்ள இவ்வகையில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். கூப்பிட்டால் வராத அந்நாயை முரட்டு நாய் என்று வீட்டார் கூறுவர். உறங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டு அது கடித்துவிடவும் கூடும். பின்புறம் நின்று கை தட்டிப் பார்த்தால் உண்மை பெரும்பாலும் விளங்கிவிடும்.

தன் வீட்டுப் பிராணியின் வழக்கத்தை அறிந்தவரே, அவ்வழக்கம் மாறும் நாளையும் அறிவார். நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதுதான். கால்நடை மருத்துவர் எத்துணைக் கற்றவராயினும், அந்த நாய் நேற்று எப்படி இருந்தது என்பதை அவர் அறியமாட்டார். வீட்டார்தாம் கூற வேண்டும். மற்ற நோய்களில் இந்த அறிவு பிராணியின் உயிரைக் காக்கும். வெறிநோயிலோ வீட்டாரின் உயிரையே காக்கும்.

ரேபீஸ் என்னும் இவ்வெறிநோய் மனிதருக்கு வருவது ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயின் வாயிலாகவே. நோய்க்கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். சில வேளைகளில் ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன் தடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. கொடிய நோய்களுள் இத்துணைத் தெளிவாகக் கோடு கிழித்துக் காட்டத் தக்கது வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வெறிநாய் என்றவுடன் நுரை தள்ளிக்கொண்டு தெருவில் ஓடும் நாயே நம் நினைவுக்கு வருகிறது. அப்படியும் இருக்கலாம். ஆனால் முதல் அறிகுறி பெரும்பாலும் அடக்கமானது; வழக்கம் மாறுதலே அது. எப்போதும் வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாய் கட்டிலுக்கடியில் ஒடுங்கும். எவரையும் அண்டவிடாத நாய் காரணமின்றிக் குழைந்து வரும். குரைக்கும் ஒலி கம்மி, வேறு நாயின் குரல் போலாகிவிடும். கல்லையும் கட்டையையும் கடிக்கும். சில நாய்களுக்கு வெறியே தோன்றாது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்க மாட்டாமல் மூலையில் கிடக்கும். வீட்டார் இரங்கி, தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி, வாயைத் திறந்து கையை விடுவார்கள். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் கிருமி நிறைந்திருக்கும். கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும். விழுங்க முடியாத நாயின் வாயில் எக்காரணத்தாலும் வெறுங்கையை விடலாகாது.

மாட்டிலும் இந்த மயக்கம் உண்டு. வெறிநாய் கடித்த பசு ஓயாமல் கத்தும், அமைதியற்றுத் திரியும். சினைப் பருவம் வந்துவிட்டது என்று கருதி வீட்டார் அதனைக் காளைக்குக் கொண்டு செல்வர். கழுத்தை நீட்டி விழுங்கத் திணறினால், மாங்கொட்டை அடைத்துக்கொண்டது என்று வாயில் கைவிடுவாரும் உளர். சில வாரங்களுக்கு முன் கொட்டிலில் அயல் நாய் புகுந்ததா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக் கொண்டபிறகே மேற்கொண்டு எதையும் செய்வது நலம்.

தண்ணீரைக் கண்டு அஞ்சாத நாய்க்கு வெறியில்லை என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இது பிழையானது. நீரைக் கண்டு தொண்டை இசிவு கொள்வது நோயுற்ற மனிதருக்கு வரும் குறி. நோயுற்ற நாய் நீரைத் தேடிச் செல்லவும் கூடும். ஆதலின் கிண்ணத்தில் நீர் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை.

கடிபட்டால் செய்ய வேண்டியது எளியது. ஓடும் நீரில், சோப்பிட்டு, பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கழுவக் கழுவக் கிருமியின் அளவு குறைகிறது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி முதலியவற்றை அப்புவது கெடுதலே. பின்னர் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்தது நம் வீட்டு நாயே, சென்ற ஆண்டு ஊசி போட்டதுதானே என்று காத்திருத்தல் தகாது. மருந்தைத் தொடங்கிவிட்டு நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கலாம். பத்து நாளும் அது நலமாயிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்பது உறுதி. அதன் பின்னும் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் கூறுவார். குழந்தைகளின் நிலை இன்னும் அபாயமானது. உயரம் குறைவாதலால் முகத்திலும் கழுத்திலும் கடி விழுகிறது. அங்கிருந்து மூளைக்கு வழி குறுகியது. ஏச்சுக்கு அஞ்சிப் பல குழந்தைகள் கடிபட்டதை மறைத்தும் விடுகின்றன.

பெரியவர்கள் ஊசிக்கு அஞ்சுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1885-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் முதன்முதல் ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்தளித்தார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தே நெடுங்காலம் நாடெங்கும் வழங்கிற்று. தொப்புளைச் சுற்றிப் பல நாட்கள் தொடர்ந்து ஊசி போட வேண்டியிருந்தது. பதினான்கு ஊசி என்ற பேச்சு இன்றும் திண்ணைகளில் அடிபடுகிறது. அம்மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இக்காலத்து மருந்து மேற்கையில், நான்கு அல்லது ஐந்து நாட்களில் இடைவெளி விட்டுப் போடப்படுவது, வயிற்றில் போடுவதில்லை. ஆழ்ந்த காயமாயின் கடிவாயைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவர். குறித்த நாளில் தவறாமல் செல்வதுதான் முக்கியம்.

ஆயினும் மனிதருக்கு ஊசி போட்டுக்கொண்டே இருப்பதைவிட நாய்க்குப் போடுவது சிக்கனம். ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி பெற்றுவிட்டால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ வழியின்றி அற்றுப்போகும் என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. பின்னர் மருத்துவர் கூறியவாறு ஆண்டுதோறும். எழுபது என்பது எதில் எழுபது? மொத்தம் எத்தனை என்று தெரியாமல் எழுபதைக் காண முடியாது. இங்கேதான் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் உதவி தேவைப்படுகிறது.

ஆண்டில் ஆறு நாட்கள் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில், வரவு செலவு படித்து முடித்தபின், ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பிராணி எது, அதன் குணம் என்ன என்று எழுந்து கூறட்டும். சிரிப்பும் கேலியும் இருக்கும், இருக்கட்டும். எழுத்தர் ஒருவர் தெரு, வீடு, பிராணி, நிறம், பழக்கம், கடைசியாக ஊசி போட்ட நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், படிவம் நீட்டிக் கேட்டுக் கிடைக்காத கணக்கு ஒரே மாலையில் கிடைத்துவிடும். 'பழக்கம்' என்ற பத்தி விளையாட்டன்று. அடையாளத்துக்கும் அது உதவும், பின்னொரு நாள் மாறுதலை ஒப்பிடவும் உதவும்.

இப்படிக் கேட்கும்போது சிலர் தம் வீட்டுக் கிளி எத்தனை சொற்கள் பேசும் என்பதையும் பெருமையுடன் கூறக்கூடும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நட்சத்திர ஆமைக்கும் அவ்வாறே. சபையில் அவரைத் தலைகுனியச் செய்யாமல், பிறகு தனியே எடுத்துக் கூறி, வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுதல் முறை.

எஞ்சியிருப்பவை எவ்வீட்டுக்கும் உரியவையல்லாத தெரு நாய்கள். இவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகள் கூறுகின்றன. இவற்றைக் கணக்கெடுப்பதுதான் கடினம் என்பர். தேநீர்க் கடை வாயிலில் ரொட்டித் துண்டுக்குக் காத்திருக்கும் நாய்களுக்கு உரிமையாளர் இல்லை என்பது பாதி உண்மையே. அவற்றுள் எது கல்லெறிக்கு அஞ்சாதது, எது குட்டி ஈன்றிருக்கிறது, எது இரண்டு நாட்களாகக் காணவில்லை என்பதைக் கடைக்காரர் அறிவார். அவர் குரலுக்கு அவை வரும். கால்நடை மருந்தகத்தார் ஊசி முகாமுக்கு நாள் குறித்தவுடன், முதலில் அவரிடம் தெரிவித்து, பட்டியலில் அந்த நாய்களுக்கு எதிரே அவர் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.