ஓடாத பழைய மோட்டார் சைக்கிள்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஒரு வீட்டுக் கோடிப்புறத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பல வருடங்களாக ஓடாமல் கிடக்கிறது, மலிவாகத் தருகிறார்களாம், வாங்கித் திருத்தி எடுத்தால் நல்ல விலைக்குப் போகுமா என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாக வியாபாரம் செய்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் புடவைக்கடை, ஹார்ட்வெயார், பலசரக்கு என்று வேறு தொழில் செய்பவர்கள். கையில் கொஞ்சம் காசு சும்மா நிற்கிறது, பைக் மீது ஆசையும் இருக்கிறது. ஆசைக்காக வாங்குவதென்றால் எவரிடமும் கேட்கத் தேவையில்லை. இலாபத்துக்காகவும் என்று சொன்னால் அது வியாபாரம். வியாபாரத்துக்குக் கணக்கு வேண்டும்.

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் எமது நாட்டில் சக்கரம் இருந்த எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. பழைய ஹொண்டா 90 கூட, ஓடுகிற நிலையில் இருந்தால் போதும், கேட்ட விலைக்குப் போனது. அன்று கொடுத்த விலை அந்தச் சாமானின் அருமைக்கான விலை அல்ல, புதியது கிடைக்காத தட்டுப்பாட்டின் விலை. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டு விட்டது. இன்றும் அந்த ஐந்து வருடத்து விலையை மனதில் வைத்துக்கொண்டு சாதாரண ஜப்பான் பைக் ஒன்றின் சடலத்தை விற்க வருபவரோடு நான் பேரம் பேசுவதே இல்லை. ஆனால் பீ.எஸ்.ஏ., டிரையம்ப், நோர்ட்டன், ஆரம்பகால ஹொண்டா பென்லி போன்றவற்றின் கதை வேறு. அவற்றை வாங்குகிறவர் கடைக்குப் போய்வர வாங்குவதில்லை, பழையது என்பதற்காகவே வாங்குகிறார். புதிய பைக் எத்தனை கப்பல் வந்து இறங்கினாலும் அந்த விலை பெரிதாக அசையாது. ஆனால் வாங்கும் ஆட்கள் குறைவு. விற்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

எமது ஊர்களில் அடிக்கடி அகப்படும் பீ.எஸ்.ஏ. பென்டமை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். 1948 இல் வந்த 125 சீசீ இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. இதன் மூலம் இங்கிலாந்து அல்ல, ஜெர்மனி. டீ.கே.டபிள்யூ. கம்பனியின் ஆர்.டீ. 125 என்ற வண்டியின் வரைபடங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நட்டஈடாக வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போயின. பீ.எஸ்.ஏ. அதையே பென்டம் ஆக்கியது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கூட அதைப் பார்த்து ஒரு சிறிய வண்டி செய்தது. 1955 இல் யமஹா வெளியிட்ட முதலாவது மோட்டார் சைக்கிளும் இதே குடும்பம்தான். பிரித்தானியத் தபால் திணைக்களம் தந்தி கொண்டுபோக பென்டமையே வாங்கியது. பின்னர் எஞ்சின் 175 சீசீ வரை பெரிதாகி, 1971 இல் தயாரிப்பு நின்றது. எளிமையான எஞ்சின், இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது, ஆகவே சாமான்கள் இன்றும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இறந்துபோன பைக் ஒன்றை உயிர்ப்பிக்க வேண்டுமானால் பென்டம் போன்றதைத் தெரிவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

இனி, சாவியைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்வி: புக் எங்கே?

சென்ற வருடம் மாத்தளைப் பக்கத்து இளம் வியாபாரி ஒருவர் வந்தார். "நானா, புக் இருக்கு, பைக் மட்டுந்தான் ஓடுதில்ல" என்றார். "புக் யார்ட பேர்ல தம்பி?" என்று கேட்டேன். விற்பவரின் வாப்பாவின் பெயரில் இருந்தது. வாப்பா மௌத்தாகிப் பதினான்கு வருடம்.

இந்த இடத்தில் எம்மவர்கள் பலர் கவனயீனமாக இருக்கிறார்கள். மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து எப்படிப் பங்கிடப்பட வேண்டும் என்பதற்கு இந்நாட்டில் 1931 முதல் தனியான கட்டளைச் சட்டமே இருக்கிறது. மனைவிக்குப் பங்கு உண்டு, பெண்பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் பைக்கும் அந்தச் சொத்தில் அடங்கும். சாவியைக் கையில் வைத்திருக்கும் மூத்த மகன் தனியாக விற்றால் தன்னுடைய பங்கை மாத்திரமல்ல, உம்மாவின் பங்கையும் சகோதரிகளின் பங்கையும் சேர்த்து விற்கிறார். பைக் துருவாகக் கிடக்கும் வரை எவரும் பேச மாட்டார்கள். நீங்கள் மினுக்கி எடுத்து வீதியில் விட்ட மறுநாள் "அது எங்கட வாப்பாட பைக்" என்று ஒருவர் வருவார். அப்போது உங்கள் கையில் இருப்பது ஒருவருடைய கையெழுத்து மட்டும். அது ஒருபுறமிருக்க, பதிவு உரிமையாளர் உயிரோடு இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கும் வாரிசுகளின் ஆவணங்கள் தேவைப்படும். எனவே மாத்தளைத் தம்பிக்கு நான் சொன்னது: முதலில் உம்மாவையும் எல்லாப் பிள்ளைகளையும் சம்மதிக்க வையுங்கள், எழுத்தில் எடுங்கள், அதன் பிறகு எஞ்சினைப் பார்ப்போம். வெளிநாட்டில் இருந்த ஒரு சகோதரியின் கடிதம் வர இரண்டு மாதம் சென்றது. அந்த இரண்டு மாதத்தில் விலையும் கொஞ்சம் இறங்கியது என்பது வேறு கதை.

புக் இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், முழு வண்டியாக விலை போட வேண்டாம். அது சாமான் குவியல். இன்று புதிதாகப் பதிவு செய்து கொள்ளலாம் என்று தரகர் சொல்வார். அவர் சொல்வதை அவரே செய்து தரட்டும், பிறகு காசு கொடுக்கலாம். புக் இருந்தால், அதில் உள்ள சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய பீ.எஸ்.ஏ. வண்டிகளில் இந்த இரண்டு இலக்கங்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியதில்லை, ஆனால் இரண்டும் புக்கோடு பொருந்த வேண்டும். இலக்கத்தின் மேல் துரு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். மண்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்த தடம், பரிசோதிப்பவரின் கண்ணுக்கு மாற்றி அடித்த இலக்கமாகத் தோன்றும். வருமான அனுமதிப்பத்திரம் கடைசியாக எந்த வருடம் எடுக்கப்பட்டது, நிலுவை எவ்வளவு வரும் என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எஞ்சின். "கடைசியாக ஓடின நேரம் நல்லா ஓடினது" என்பார்கள். எல்லாப் பைக்கும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்து மீண்டும் அழுத்தினால் காற்று விரலைத் தள்ள வேண்டும். கிக்கர் அசையவே இல்லை என்றால் காலால் உதைக்க வேண்டாம், கிக்கர் பல் உடைந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில். ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரில் ஒட்டியிருக்கலாம். டீசலும் ஒயிலும் கலந்து பிளக் ஓட்டையால் ஊற்றி ஒரு வாரம் விட்டு, கடைசிக் கியரில் போட்டுப் பின்சில்லை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் பல நேரம் விட்டுக் கொடுக்கும். விடாவிட்டால் எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைப் போர் அடிக்க வேண்டும். அதற்கு பாஸ்மார் இங்கே தாராளம். ஆனால் ஏற்கெனவே பல தடவை போர் அடித்த சிலிண்டரென்றால் மேலும் பெரிய பிஸ்டன் கிடையாது, ஸ்லீவ் போட வேண்டி வரும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பெற்றோலும் காற்றும் முதலில் கிராங் பெட்டிக்குள் போய்த்தான் மேலே ஏறுகின்றன. ஆகவே கிராங்கின் இரு பக்கத்து ஒயில் சீலும் காற்று இறங்காமல் இருக்க வேண்டும். இருபது வருடம் நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். சீலின் விலை சொற்பம். அதை மாற்ற எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்பதுதான் செலவு. சீலை மாற்றாமல் ஓட்டினால் பக்கத்தால் காற்றை இழுத்து, சூடேறி, புதிதாகப் போட்ட பிஸ்டனையும் தின்றுவிடும். எனவே ஓடாத இரண்டு ஸ்ட்ரோக் வண்டி எதுவாக இருந்தாலும் "எஞ்சின் பிரிப்பு" என்ற செலவைக் கணக்கில் எழுதி விட்டே விலை பேசுங்கள்.

நட்டுகளின் மூலைகளையும் பாருங்கள். பழைய ஆங்கில வண்டிகளின் நட்டுக்கு மில்லிமீட்டர் சாவி சரியாகப் பொருந்தாது. மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தால், தெரியாத கை உள்ளே போய் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். இல்லாத சாமானைக் கண்டு பயப்பட வேண்டும். துருப்பிடித்த மட்கார்ட் ஒன்று இருந்தால் அதைப் பார்த்துத் தகரக்காரர் இன்னொன்று செய்வார். மட்கார்டே இல்லாவிட்டால் எதைப் பார்த்துச் செய்வது? ஹெட்லைட் வளையம், ஸ்பீடோ மீட்டர், டூல் பெட்டி மூடி, சைலன்சர் பிடி, லீவர்கள் என்று சில்லறைச் சாமான்கள்தான் காசைக் குடிப்பவை. ஒன்று ஒன்றாக வெளிநாட்டிலிருந்து எடுத்தால் சாமானின் விலைக்கு மேல் தபாலும் சுங்கமும் வரும். ஆரம்பகாலப் பென்டமின் டயர் 19 அங்குலம். எமது கடைகளில் நிறைந்திருப்பது 17 உம் 18 உம். ஜப்பான் வண்டிகளில் தகடு அழுத்திச் செய்த சட்டகத்தை ஆசனத்தைக் கழற்றிப் பாருங்கள். பற்றறி அமிலம் வடிந்த இடத்தில் ஓட்டை இருந்தால் அது பெயின்டால் மறையும், பலம் வராது.

மாத்தளைத் தம்பிக்கு நான் ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கு இது. தொகைகள் உதாரணத்துக்குத்தான். நீங்கள் உங்கள் பாஸிடம் கேட்டு உங்கள் தொகையைப் போடுங்கள். திருத்திய வண்டி 6 இலட்சத்துக்குப் போகும் என்று வைப்போம். லொறிக் கூலி 15,000. எஞ்சின் 90,000. பெயின்டும் குரோமும் 100,000. டயர், ரியூப், கம்பி 50,000. வயரிங், லைட் 35,000. சில்லறைச் சாமான் 40,000. ஆவணச் செலவு 20,000. மொத்தம் 350,000. இதில் நாலில் ஒரு பங்கை எதிர்பாராத செலவாகக் கூட்டினால் 437,500. மீதம் 162,500. விற்பவர் கேட்டது 150,000. ஒரு வருடம் அலைந்து கிடைப்பது 12,500 ரூபா! அதே 150,000 ஐக் கடையில் சரக்காகப் போட்டு வருடத்தில் நாலு தடவை புரட்டி, ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு ஐந்து எடுத்தால் 30,000. அதுவும் திருத்தச் செலவுக்குப் போன நாலு இலட்சத்தைக் கணக்கில் எடுக்காமல்.

எனவே விலையை விற்பவர் கேட்பதிலிருந்து கீழே இறக்கக் கூடாது. கடைசியில் கிடைக்கும் விலையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒரு இலட்சம் இலாபம் வேண்டுமென்றால் இந்த வண்டிக்கு 62,500 க்கு மேல் கொடுக்க முடியாது. தாளைப் பார்த்த தம்பியின் முகம் வாடியது. இருந்தாலும் அந்தத் தொகையைச் சொல்லிப் பார்த்தார். விற்பவர் முதலில் கோபித்தார், பின் 90,000 க்கு வந்தார். குரோமை விட்டுவிட்டுப் பழைய தோற்றத்திலேயே ஓடவைத்து வைத்துக்கொள்வதென்று தம்பி தீர்மானித்து வாங்கினார். விற்கும் எண்ணம் போய்விட்டது. அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கடைக் கணக்கிலிருந்து எடுக்காமல் சொந்தக் காசில் செய்யச் சொன்னேன், கடனும் எடுக்க வேண்டாம் என்றேன். கடைச் சரக்குக்குக் கொடுக்க வேண்டிய காசு பெயின்ட் கடைக்குப் போனால் சப்ளையர் காத்திருக்க மாட்டார்.

பார்க்கப் போகும்போது டோர்ச், பிளக் சாவி, ஒரு சிறிய காந்தம், புக்கின் போட்டோ பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். காந்தம் டேங்கில் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாக பட்டி அப்பியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் போங்கள். வாங்கிக் கொண்டுவந்த பின்னர் உடனே கழற்ற ஆரம்பிக்காமல், எல்லாப் பக்கத்தாலும் போன் கமெராவில் படம் எடுங்கள். கேபிள் எந்தப் பக்கத்தால் போகிறது, எந்த வொஷர் எங்கே இருந்தது என்பது ஆறு மாதத்தின் பின் எந்த பாஸுக்கும் ஞாபகம் இருக்காது. கழற்றும் நட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பழைய சாமான் எதையும், உடைந்தது என்றாலும், புதியது வந்து பூட்டி முடியும் வரை பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.