கம்ப்யூட்டர் யார் கையெழுத்தை நம்பும்?

பஸ் பாஸ் வாங்கப் போனால் நம்ம வாய்வார்த்தையை யாரும் நம்ப மாட்டாங்க. தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி சீலும் வேணும். சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் கையெழுத்து. தாசில்தாரை ஏன் நம்பணும்? அரசாங்கம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கு. அரசாங்கத்துக்கு யார் கொடுத்தாங்கன்னு கேட்டால் நம்மை உட்காரச் சொல்லிடுவாங்க. எங்கேயாவது ஓரிடத்தில் நின்றுதான் ஆகணும்.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஒரு வெப்சைட்டைத் திறந்தால், அது முதலில் “நான் இன்னார்தான்” என்று ஒரு சான்றிதழை நீட்டும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்கள், அது இதைத்தான் குறிக்கும். (குரோம் 2023-ல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது, அது வேற கதை.) அந்தச் சான்றிதழில் ஓர் இடைநிலைச் சான்றிதழ் கையெழுத்துப் போட்டிருக்கும். அதில் இன்னொன்று கையெழுத்துப் போட்டிருக்கும். கடைசியில் இருப்பதுதான் வேர்ச் சான்றிதழ், அதாவது ரூட் சர்டிபிகேட். வேருக்கு மேலே யாரும் இல்லை. தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கும்!

அப்படி ஒரு வேரை யார் வேணும்னாலும் தயாரிக்கலாம், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடியும். அப்புறம் எதை வைத்து நம்புறது? இதற்காகத்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட், ஐபோனுக்கு ஆப்பிள், ஆண்ட்ராய்டுக்கு கூகுள் அந்தப் பட்டியலைப் பராமரிக்குது. பயர்பாக்ஸ் பிரவுசருக்கு மோசில்லா தனியாக ஒன்று வைத்திருக்கு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட வேர்கள் உண்டு.

இதில் எனக்குப் பயமாக இருந்த விஷயம் ஒன்று. நம்ம ஊர் தாசில்தார் நம்ம தாலுகாவுக்கு மட்டும்தான் சான்றிதழ் தர முடியும். ஆனால் பட்டியலில் இருக்கும் வேர்களில் பெரும்பாலானவை உலகத்தில் எந்த வெப்சைட்டுக்கு வேணும்னாலும் சான்றிதழ் தரலாம். நூறு பேரில் ஒருத்தர் சாவியைத் தொலைத்தாலும் எல்லோருக்கும் ஆபத்து.

அது நடக்கவும் நடந்தது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 2011 ஜூலையில் யாரோ அதன் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைத் தயாரித்துவிட்டார்கள். அதில் ஒன்று கூகுள் பெயரில். அதை வைத்து ஈரானில் இருந்த மக்களுடைய ஜிமெயிலை நடுவில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். பாவம், அவங்க திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். கையெழுத்து நிஜம், ஆள்தான் போலி! ஆகஸ்ட் கடைசியில் ஈரானில் ஒருவருக்கு குரோம் பிரவுசர் எச்சரிக்கை காட்டியதால்தான் விஷயம் வெளியே வந்தது. கூகுள் தன் வெப்சைட்டுகளுக்கு யார் யார் கையெழுத்து போடலாம் என்று குரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்ததாம். உடனே எல்லோரும் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கினாங்க. செப்டம்பரிலேயே அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது.

நம்ம நாட்டிலும் ஒன்று நடந்திருக்கு. 2014 ஜூலையில், தேசிய தகவல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களிலிருந்து கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகி இருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. இந்திய வேர் விண்டோஸ் பட்டியலில் இருந்ததால் விண்டோஸ் அவற்றை நம்பியிருக்கும். பயர்பாக்ஸ் நம்பாது, ஏன்னா அதன் பட்டியலில் இந்திய வேர் இல்லை. நம்ம நாட்டுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகமே அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்துவிட்டது.

தப்பு செய்தவரை நீக்குவது மட்டும் பராமரிப்பு இல்லை. வேருக்கும் காலாவதித் தேதி உண்டு, மாத்திரை அட்டையில் இருப்பது மாதிரி. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, காசு வாங்காமல் கோடிக்கணக்கான வெப்சைட்டுகளுக்குச் சான்றிதழ் தருது. அது ஆரம்பத்தில் இன்னொரு நிறுவனத்தின் பழைய வேரைத்தான் நம்பி இருந்தது. அந்த வேர் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதி ஆச்சு. அப்டேட் வராத பழைய கம்ப்யூட்டர்களில், நேற்று வரைக்கும் திறந்த வெப்சைட் அன்றைக்குத் திறக்கலை. வெப்சைட்டில் எந்தக் கோளாறும் இல்லை, பட்டியல்தான் பழசு.

அண்ணன் வைத்திருந்து நமக்கு வந்த போனில் இதுதான் தொல்லை. கம்பெனிக்காரங்க அப்டேட்டை நிறுத்தினால் பட்டியலும் அதோடு நின்றுபோகும். ஆண்ட்ராய்டு 14-லிருந்துதான் போன் கம்பெனியை எதிர்பார்க்காமல் பட்டியலை மட்டும் புதுப்பிக்க வசதி வந்திருக்கு. லினக்ஸில் இது சுலபம். சான்றிதழ் பட்டியல் தனித் தொகுப்பாகவே இருக்கும், மற்ற அப்டேட்டோடு அதுவும் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிடுறேன். பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு ரூபாய் காசு மாதிரி சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். அப்போது நல்ல சான்றிதழ்கூட “இன்னும் நடைமுறைக்கு வரவில்லை” என்று தெரியும். அதனால் எச்சரிக்கை வந்தால் முதலில் தேதியைப் பாருங்க.

எச்சரிக்கை போகணும்னு யாரோ அனுப்பிய சான்றிதழை மட்டும் ஏற்றிடாதீங்க. அதை வேராகச் சேர்த்துக்கொண்டால் அவங்க எந்த வெப்சைட் மாதிரியும் நடிக்கலாம். 2015-ல் லெனோவோ கம்பெனி விற்ற லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாஃப்ட்வேர் இப்படி ஒரு வேரைச் சேர்த்து வைத்திருந்தது தெரியவந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி! தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுச் சாவி என்றால் எப்படி இருக்கும்?

உங்க வீட்டு ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், செக்யூரிட்டி பகுதியில் ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’ என்பதைத் தேடுங்க. இரண்டு பட்டியல் வரும். சிஸ்டம் என்பது கூடவே வந்தது. யூசர் என்பது பிறகு யாரோ சேர்த்தது. பெரும்பாலும் அது காலியாகத்தான் இருக்கணும். ஏதாவது இருந்தால் போனை வாங்கித் தந்தவரிடம் கேளுங்க. சிஸ்டம் பட்டியலில் ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ என்று ஒரு பெயர் இருக்கும். அதுதான் லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த வேர். தொட்டுப் பார்த்தால் கடைசித் தேதி தெரியும்: 2035 ஜூன் 4.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி