கூத்துக் கொப்பியும் பூட்டிய பாடலும்

மன்னார்ப் பிரதேசக் கத்தோலிக்க நாட்டுக்கூத்து வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்படும். அச்சேறுவதற்கு முன்னர் அதன் பிரதிகள் அண்ணாவிமாரின் ஏடுகளிலும் கொப்பிகளிலும் பெயர்த்தெழுதப்பட்டே வாழ்ந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் என்றிக் எம்பரதோர் நாடகத்தையும் 1966இல் மூவிராசாக்கள் நாடகத்தையும் பதிப்பித்தமைக்கு இவ்வுழைப்பே அடித்தளமாயிற்று. படியெடுத்தல் இம்மரபில் களவன்று; கலையின் மறுஉற்பத்திக்கான நிபந்தனையாகும்.

எண்ணிம இசை வணிகம் இந்நிபந்தனையையே மறுத்தது. 2003இல் அப்பிள் நிறுவனம் தொடங்கிய ஐரியூன்ஸ் கடையின் பாடல்கள், அந்நிறுவனம் அனுமதித்த கருவிகளில் மட்டுமே ஒலிக்குமாறு பூட்டப்பட்டிருந்தன. வேறு கருவிக்கு மாற விரும்பியவர், தாம் சேர்த்த பாடல்களை அதற்கு நேரடியாகக் கொண்டுசெல்ல இயலவில்லை. மைக்ரோசொப்ட் 2006இல் வெளியிட்ட சூன் கருவியோ, அந்நிறுவனமே பிற கடைகளுக்கு வழங்கிய பூட்டுமுறையிலமைந்த பாடல்களையும் ஏற்கவில்லை. மூடப்பட்டுவிட்ட தன் பழைய இசைக்கடையின் உரிமச் சேவையை நிறுத்தப்போவதாக 2008இல் அது அறிவித்தது. எதிர்ப்பெழவே 2011 வரை ஒத்திவைத்தது. சேவை நின்றபின், புதிய கணினியில் அப்பாடல்களைத் திறக்க வழியில்லை. பணம் கொடுத்தவரிடம் பாடல் இருந்தது. திறப்போ விற்றவரிடமே இருந்தது. பரிவர்த்தனைப் பெறுமதி பயன் பெறுமதியைச் சிறைப்படுத்தியமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

கலைஞரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2009இல் அப்பிள் பாடல்களின் பூட்டை நீக்கிய பின்னரும் விற்பனை தொடர்ந்தது. எனவே பூட்டு, கலைஞரைக் காப்பதைவிட நுகர்வோரைக் கடையுடன் பிணைக்கவே உதவிற்று எனலாம்.

பூட்டு இன்று வாடகை வடிவில் மீண்டுள்ளது. 2021இல் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிபையில், கட்டணம் செலுத்திப் பதிவிறக்கிய பாடலும் 30 நாட்களுக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு தொடர்புறாவிடின் கிட்டாது. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். படியெடுத்தலைத் தடுக்கும் பொறிமுறைகளை உடைக்கவென்றே ஆக்கப்பட்ட சாதனங்களை விற்பனைக்கு உற்பத்தி செய்வதையோ இறக்குமதி செய்வதையோ 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் தடைசெய்கிறது.

1990இலும் அதன் பின்னரும் இடப்பெயர்வுகளைக் கண்ட மன்னாருக்கு இஃது அயலார் பிரச்சினையன்று. பல கைகளில் பரந்த பிரதியே அழிவினின்றும் தப்பும். இன்று பதிவாகும் கூத்துப்பாடல்களும் எக்கருவியிலும் ஒலிக்கும் திறந்த வடிவில், பாடிய ஊராரிடமும் நூலகங்களிலும் படிகளாய் இருத்தல் வேண்டும். கொப்பியைப் பெயர்த்தெழுதிய கைகள் நமக்கு விட்டுச்சென்ற கடமை அதுவே.